முருங்கன் மேய்ச்சல் தரையை ஆவணியில் மட்டும் பார்த்து எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழின் நடுப்பக்கத்தில் மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கத்து மேய்ச்சல் தரை ஒன்றின் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே "வறட்சியில் வெடித்துச் செத்த நிலம்" என்று எழுதியிருந்தீர்கள். கூடவே வந்த கட்டுரை அந்தத் தரை மாடுகள் மிதித்துப் பாழாய்ப் போனது என்கிறது. வருடம் முழுக்கச் சும்மா கிடக்கிறது என்கிறது. ஜிப்சம் போட்டு மண்ணை இளக்கி, தேக்கும் மரமுந்திரிகையும் நட்டால் நல்ல வருமானம் வரும் என்று கணக்கும் சொல்கிறது. எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது எந்த மண் என்று யாரிடமும் கேட்காமல் எழுதிவிட்டார்.

எனக்கும் அந்த மண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசிப்பவர்கள் கேட்கலாம். நான் கமக்காரன் இல்லை. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருந்தவன். சுண்ணாம்புக்கல் எங்கள் காலடியிலேயே கிடந்தது. களி மட்டும் முருங்கனிலிருந்து ரயிலில், மதவாச்சியைச் சுற்றிக்கொண்டு, 200 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து வந்தது. சீமெந்துக்கு வேண்டிய சிலிக்காவும் அலுமினாவும் இரும்பும் களியில்தான் இருக்கின்றன. வந்த களியில் மாதிரி எடுத்து, காய வைத்து, இடித்து, சலித்து, சுட்டு, நிறுத்துப் பார்ப்பது எங்கள் வேலை. கோடையில் கல்லாக வரும், சுத்தியல் வேண்டும். மாரியில் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும், அலவாங்கால் குத்தித்தான் இறக்குவார்கள். 1990இல் எல்லாம் நின்றுபோனது. நாங்களும் ஊரை விட்டு வெளிக்கிட்டோம். பிறகு மகளை நானாட்டான் பக்கம் கட்டிக் கொடுத்தோம், மருமகனுக்கு மாட்டுப்பட்டி. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு பூநகரியால் போய்வருவது சுலபமாகிவிட்டது. ஆகவே ரயில் பெட்டியில் பார்த்த களியை இப்போது அது கிடக்கும் இடத்திலேயே போய்ப் பார்க்கிறேன்.

சரி, மண்ணுக்கு வருவோம்.

அந்த நிலம் வறட்சியால் வெடிக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். காய்ந்தால்தான் வெடிக்கும். ஆனால் வெடிப்பது அதன் நோய் அல்ல, குணம். நல்ல மழை பெய்த வருடத்திலும் ஆடி ஆவணியில் சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது அது வெடிக்கும். வெடிக்காவிட்டால்தான் யோசிக்க வேண்டும். காரணம் களியின் அளவு மட்டும் இல்லை, களியின் வகை. எங்கள் வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணிலும் களி இருக்கிறது. கோப்பாய், உரும்பிராய்த் தோட்டங்களில் யாராவது கால் போகும் அளவுக்கு வெடிப்புப் பார்த்திருக்கிறீர்களா? இல்லை. செம்பாட்டில் பெரும்பாலும் இருப்பது கயோலினைட் என்ற களி. அது நனைந்தாலும் காய்ந்தாலும் தன் பருமனை அவ்வளவாக மாற்றாது. முருங்கனில் இருப்பது ஸ்மெக்டைட் வகை. அதன் துகள்கள் புத்தகத் தாள்கள் மாதிரி மெல்லிய அடுக்குகள். அந்த அடுக்குகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் மண் வீங்கும், தண்ணீர் வெளியேறினால் சுருங்கும்.

இதைக் கண்ணால் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. களியைப் பிசைந்து, 10 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரு தகர அச்சில் அடைத்து, நிழலில் காயவிடுங்கள். காய்ந்த கட்டியின் நுனிக்கும் தகரத்துக்கும் இடையில் ஒரு சென்ரிமீற்றருக்கும் மேலே இடைவெளி விழும். செம்பாட்டு மண்ணைப் பக்கத்தில் இன்னொரு அச்சில் வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். என் பேரப்பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டு.

இந்த மண் உலகத்தில் அபூர்வமானதும் இல்லை. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் இதே குடும்பம்தான். தக்காணத்தின் பருத்தி மண், சூடானின் கெசீரா, எத்தியோப்பியாவின் மேட்டுநிலங்கள், அமெரிக்காவின் டெக்சாஸ் கரும்பூமி எல்லாம் இந்த இனம். உலகம் முழுக்கச் சுமார் 33 கோடி ஹெக்டேயர் பரப்பு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மண்ணியலார் இதை வெர்டிசோல் என்ற தனி வரிசையில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க வகைப்பாட்டில் இருக்கும் 12 வரிசைகளில் இதுவும் ஒன்று. நம் நாட்டில் 1961இல் மூர்மனும் பானபொக்கேயும் இலங்கையின் மண்களைத் தரம் பிரித்தபோது, அப்போதைய வழக்கப்படி குருமுசோல் என்ற தலைப்பில் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். அறுபது வருடத்துக்கு மேலாகப் பெயரும் விலாசமும் உள்ள மண்ணைத்தான் உங்கள் கட்டுரை "ஏதோ ஒரு கட்டாந்தரை" என்று எழுதியிருக்கிறது.

வெர்டிசோல் என்று சொல்ல என்னென்ன வேண்டும்? மேலிருந்து கீழ்வரை களி குறைந்தது 30 சதவீதம் இருக்க வேண்டும். பல இடங்களில் 50, 60 என்று போகும். வருடத்தில் ஒரு பகுதியாவது வெடிப்புகள் திறந்து மூட வேண்டும். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: நிலத்துக்குக் கீழே, ஒரு மீற்றர் ஆழத்துக்குள், சறுக்கிய முகங்கள் தெரிய வேண்டும்.

மருமகன் வீட்டுக்குப் பின்னால் மாட்டுத் தொட்டிக்காக ஒரு கிடங்கு வெட்டினார்கள். ஆளின் நெஞ்சளவு ஆழம். மேலே இரண்டு விரல் தடிப்புக்கு மண் தானாக உதிர்ந்து, குறுணி குறுணியாகக் கிடந்தது. அதற்குக் கீழே கடுமையான பாளங்கள், அலவாங்கு போட்டால் தீப்பொறி வராத குறை. முழங்காலுக்குக் கீழே போனதும் பாளங்களின் வடிவம் மாறியது. சாய்வாக, ஆப்பு ஆப்பாக நின்றன. ஒன்றைக் கையால் பெயர்த்து எடுத்துத் திருப்பினேன். அடிப்பக்கம் மெருகு போட்டதுபோலப் பளபளத்தது, அதில் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். ஈரத்தில் வீங்கிய மண்ணுக்கு மேலேயும் இடமில்லை, பக்கத்திலும் இடமில்லை. ஒரு பாளம் இன்னொரு பாளத்தின்மேல் ஏறி உரசிச் சறுக்குகிறது. அந்த உரசலின் தடம்தான் அது. கிடங்கின் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சிறு சுண்ணாம்புக் கட்டிகள். மேலே இருந்து அடிவரை ஒரே கரும்சாம்பல் நிறம். கறுப்பாக இருப்பதால் உரம் நிறைந்தது என்று நினைக்கவேண்டாம், சேதனப்பொருள் அதில் கொஞ்சம்தான். இருக்கும் கொஞ்சத்தையும் களி இறுக்கிப் பிடித்துக்கொண்டு கறுத்துக் காட்டுகிறது.

இப்போது அந்த ஜிப்சம் யோசனை. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது. எங்கள் தொழிற்சாலையில் சீமெந்து உடனே இறுகிவிடாமல் இருக்கக் கிளிங்கரோடு (சூளையில் சுட்டெடுத்த சீமெந்துக் கட்டி) ஜிப்சம் சேர்த்து அரைப்போம், அது வேறு கதை. நிலத்துக்கு ஜிப்சம் போடுவது சோடியம் ஏறிய மண்ணைத் திருத்துவதற்கு. நம் யாழ்ப்பாணத்துக் கடல்நீரேரி ஓரத் தரவைகளைப் பாருங்கள், வல்லை வெளி, கைதடி, அரியாலைப் பக்கம். அங்கேயும் கோடையில் நிலம் இறுகும், மாரியில் வழுக்கும், மாடு மேயும். பார்வைக்கு முருங்கன் களியின் தம்பி போல இருக்கும். ஆனால் உறவே இல்லை. தரவையின் சிக்கல் உப்பும் சோடியமும். களி பிடித்து வைத்திருக்கும் கல்சியம், மக்னீசியம், சோடியம் போன்ற அயன்களில் 15 சதவீதத்துக்கு மேல் சோடியம் என்றால் அது சோடிய மண். ஜிப்சத்தில் உள்ள கல்சியம் அந்தச் சோடியத்தை விலக்கும், பிறகு நல்ல தண்ணீர் விட்டு அதைக் கழுவி வெளியேற்ற வேண்டும். கழுவ வடிகால் இல்லாவிட்டால் ஜிப்சம் போட்ட காசும் போச்சு. முருங்கன் களியில் ஏற்கனவே சுண்ணாம்பு கிடக்கிறது, கல்சியம் கிடக்கிறது. சோடியம் இருக்கிறதா என்று அளந்து பார்க்காமல் லொறிக் கணக்கில் ஜிப்சம் கொட்டுவது யாருக்கு லாபம் என்று சொல்லத் தேவையில்லை.

நம்பாவிட்டால் வீட்டிலேயே பாருங்கள். இரண்டு கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், நம் கிணறுகளில் சுண்ணாம்பு அதிகம், விளைவு பிழைக்கும். ஒன்றில் காய்ந்த முருங்கன் களிக்கட்டி, சுண்டங்காய் அளவு. மற்றதில் தரவை மண் கட்டி. ஆட்டாமல், கலக்காமல் வைத்துவிட்டுப் போங்கள். முருங்கன் கட்டி சிறிது நேரத்தில் பொருக்குப் பொருக்காக உடைந்து அடியில் குவியும், தண்ணீர் தெளிவாக நிற்கும். தரவைக் கட்டியைச் சுற்றி மெல்ல ஒரு கலங்கல் படரும். மறுநாள் காலையில் பார்த்தாலும் அந்தக் கலங்கல் தெளியாது. சோடியம் களித்துகள்களை ஒன்றையொன்று தள்ளிவிட்டு மிதக்க வைக்கிறது. கலங்குகிற மண்ணுக்கு ஜிப்சம் பற்றிப் பேசலாம். கலங்காத மண்ணுக்கு வேறு ஏதாவது பேசுங்கள்.

அடுத்தது, "வருடம் முழுக்கச் சும்மா கிடக்கிறது" என்ற வரி. இதுதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. படம் எடுத்தவர் ஆவணியில் போயிருக்கிறார். ஆவணியில் மாடுகள் அங்கே ஏன் நிற்க வேண்டும்? அறுவடை முடிந்த வயல்களில் தாள் கிடக்கிறது, வரம்பில் புல் கிடக்கிறது, குளத்தின் வற்றிய படுகையில் பச்சை கிடக்கிறது. பட்டிக்காரர்கள் மாட்டை அங்கேதான் சாய்த்துக்கொண்டு போவார்கள். புரட்டாதி ஐப்பசியில் காலபோக விதைப்புத் தொடங்கினால் கதை மாறும். கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே எங்கே பார்த்தாலும் நெல். ஒரு மாடு வயலுக்குள் கால் வைத்தால் சண்டை, அடைப்பு, தண்டம். அப்போது பட்டிகள் அத்தனையும் போய் நிற்க வேண்டிய இடம் இந்த மேய்ச்சல் தரைதான், மாசி பங்குனி அறுவடை வரை. உங்கள் படப்பிடிப்பாளர் மார்கழியில் போயிருந்தால் வெடிப்பு ஒன்றைக்கூடக் கண்டிருக்க மாட்டார். மாட்டைத்தான் கண்டிருப்பார், அதுவும் முழங்கால் சேற்றில்.

மாடு மிதித்து நிலம் வெடித்தது என்பது பிழை. ஆனால் மாட்டுக்கும் இந்த மண்ணுக்கும் பிரச்சினையே இல்லை என்றும் சொல்லமுடியாது. முதல் மழை விழும்போது தண்ணீர் வெடிப்பு வழியாக நேரே அடிக்கு இறங்கும். அப்போது நிலம் குடிக்கும் வேகத்தைப் பார்த்தால் குளமே காணாமல் போகும்போல இருக்கும். அடியிலிருந்து நனைந்து வீங்கி வெடிப்பு மூடிக்கொண்டதும் வாசல் அடைபட்டது. அதன்பிறகு பெய்யும் மழை மேலேயே நிற்கும். அந்த நேரத்தில் நூறு மாட்டின் குளம்பு அதை மிதித்தால் குழம்பும், மேல்மண் இறுகும், புல்லின் வேர் அறுபடும். செம்பாட்டில் இப்படி இறுகினால் கலப்பை போட்டால்தான் இளகும். வெர்டிசோலில் அடுத்த கோடையில் அது தானே வெடித்து, தானே உதிர்ந்து, பெரும்பாலும் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆவணி வெடிப்பு என்பது அந்த மண் தனக்குத் தானே உழுவது. அதைத்தான் நீங்கள் சாவு என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஆகவே அந்தத் தரைக்குக் காசு செலவழிக்க யாராவது முன்வந்தால், மரக்கன்றுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. மாரியில் மாடு படுக்கக் கிரவல் போட்டு உயர்த்திய மேடு. தரையைப் பிரித்து மாறி மாறி மேய விடுவதற்கு வேலி. (வேலிக் கட்டையை ஆழமாக நடச் சொல்லுங்கள். மேலோட்டமாக நட்டால் இரண்டு மாரிக்குள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து நிற்கும், மருமகனின் வேலியை வந்து பாருங்கள்.) தண்ணீருக்கு ஒரு துரவு. இந்தக் களி நனைந்தபடி இருக்கும்வரை தண்ணீரை நன்றாகத் தாங்கும், சீமெந்துத் தளமே வேண்டாம். முழுதாக வற்ற விட்டால் அடி வெடித்து அடுத்த முறை ஒழுகும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மிச்செல் புல் வெளிகள் என்று இருக்கின்றன. வெடிக்கும் களிமண், கண்ணுக்கெட்டிய தூரம் மரமில்லாத புல்வெளி. அங்கே யாரும் அதைச் செத்த நிலம் என்று சொல்வதில்லை. செம்மறியும் மாடும் வளர்த்து நூறு வருடத்துக்கு மேலாகச் சம்பாதிக்கிறார்கள். வெடித்து வெடித்து மூடும் மண்ணில் இளம் மரத்தின் வேர் இழுபட்டு அறும். புல்லின் வேர் நார்நாராகப் பரவுவதால் தாக்குப்பிடிக்கும். மரமே வராது என்றில்லை, உடை மாதிரி முள்மரங்கள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் தேக்குக்குத் தண்ணீர் தேங்கும் களி ஆகாது. மரமுந்திரிகைக்கு மணற்பாங்கு வேண்டும். மாரி முழுக்கச் சேற்றில் நிற்கும் இடத்தில் இந்த இரண்டையும் நடச் சொல்வது எந்த விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனை என்று அறிய ஆவல்.

கட்டுரையில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நம்மவர்களுக்கு உதவும். யாழ்ப்பாணத்தில் இரண்டு அடி தோண்டினால் பல இடங்களில் சுண்ணாம்புக்கல் தட்டும், அதன்மேல் அத்திவாரம் போட்டுப் பழகிய கை நம் மேசன்மாருக்கு. அதே கையோடு முருங்கனுக்குப் போய் அதே ஆழத்துக்குப் போட்டால் என்ன ஆகும்? மகளின் வீடு ஒரு வீட்டுத் திட்டத்தில் கட்டியது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பு. ஆவணியில் அதற்குள் ஐந்து ரூபாய்க் குற்றியை நுழைக்கலாம். மார்கழியில் கடதாசி கூடப் போகாது. வருடா வருடம் பூசுகிறார்கள், வருடா வருடம் பிளக்கிறது. பூச்சுக்காரனைக் குறை சொல்லிப் பயனில்லை, சுவருக்குக் கீழே நிலம் ஏறி இறங்குகிறது. அத்திவாரம் இந்த ஏற்ற இறக்கம் தொடாத ஆழத்துக்குப் போக வேண்டும், அல்லது களியை வெட்டி எடுத்துவிட்டுக் கிரவல் நிரப்பி அதன்மேல் வலுவான கொங்கிறீற் தளம் போட வேண்டும். கூரைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் சுவரோரம் தேங்காமல் தூரமாகப் போக வேண்டும். சுவரை ஒட்டிப் பெரிய மரம் வேண்டாம், கோடையில் அந்தப் பக்கத்து ஈரத்தை அது உறிஞ்ச உறிஞ்ச அந்தப் பக்கம் மட்டும் தாழும். செலவு கூடும்தான். வருடா வருடம் பூசும் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

ஆசிரியரிடம் என் வேண்டுகோள் இதுதான். அந்தத் தரையை என்ன செய்யலாம் என்று யோசனை சொல்லும் கட்டுரை அடுத்து வந்தால், மண்ணின் வகை, களியின் சதவீதம், சோடியத்தின் அளவு, மழை மாதத்தில் அங்கே நிற்கும் மாடுகள், இந்த நான்கையும் கேட்டுவிட்டுப் பிரசுரியுங்கள். விவசாயத் திணைக்களத்துக்கு மண் மாதிரி கொடுத்தால் பரிசோதித்துத் தருவார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியிலேயே இருக்கிறது, மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மீற்றர் கிடங்கு வெட்டிப் பார்க்க ஒரு நாள் போதும். வெட்டுவதானால் புரட்டாதி முடியுமுன் வெட்டச் சொல்லுங்கள். ஐப்பசி மழை விழுந்த பிறகு போனால் அலவாங்கு சுகமாக இறங்கும், ஆனால் வெடிப்பின் அகலத்தை அளக்க முடியாது, கிடங்கில் தண்ணீரை இறைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டிவரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுகூட உதவியாளர்,
தெல்லிப்பழை.